16 ஆட்டம், 16 தோல்வி: 2017-ல் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் வேண்டுமென்றே தோற்றார்களா?

புதுப்பானை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாறி கிளீவ்லாந்து பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கிரிக்கெட் தெரியும். ராத்திரி கண்விழித்து இங்கிலாந்துக் கால்பந்து பார்த்த பழக்கமும் உண்டு. இந்த ஊர் ஃபுட்பால் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நாலு நொடி ஆடுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். சரி, அது பழகிவிடும்.

என் சந்தேகம் வேறு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பேனா போட்டு வைக்கும் கோப்பையில் "0-16" என்று எழுதியிருக்கிறது. ஏதோ சாஃப்ட்வேர் வெர்ஷன் என்று நினைத்து அது என்னவென்று கேட்டுத் தொலைத்தேன். மதியச் சாப்பாடு முடிகிற வரை மனிதர் நிறுத்தவில்லை. 2017-ல் இந்த ஊர் அணி பிரௌன்ஸ் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்றதாம். அதற்கு முந்தைய வருடம் 16-ல் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்ததாம்.

இப்படித் தோற்கிற அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்க மாட்டார்களா? கடைசியில் வருகிறவர்களுக்குத்தான் அடுத்த டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுப்பது) முதல் தேர்வு என்கிறார்கள். அப்படியென்றால் தெரிந்தே தோற்றார்களா? இன்னொன்று, இதுதான் எனக்குப் புரியவே இல்லை: அந்த வருடம் இவர் சீசன் டிக்கெட் எடுத்திருந்தாராம். ஒரு ஆட்டம் விடாமல் போனாராம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். எதற்கு இந்தத் தலையெழுத்து? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏரிக்காற்று எழுதியது:

தம்பி, அந்தக் கோப்பையைப் பற்றி வாயைத் திறந்தது உங்கள் தப்பு. நான் இந்த ஊருக்கு வந்தது 1993-ல். இந்த நோய் எனக்கும் உண்டு, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

கீழ்ப் பிரிவு என்று ஒன்று இங்கே கிடையாது. மொத்தம் 32 அணி, யாரையும் வெளியே தள்ள முடியாது. தேசியத் தொலைக்காட்சிப் பணம் சமமாகப் பங்கு போடப்படுகிறது. ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு. தோற்றவனுக்கு டிராஃப்டில் முதல் தேர்வு. விழுந்தவன் எழுந்துகொள்ள வேண்டும் என்றே செய்து வைத்த ஏற்பாடு இது. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு பரிமாறியும் ஒருத்தர் மட்டும் பசியோடு எழுந்து வருவதென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு அந்தத் திறமை இருந்தது. அப்புறம் நமக்கு.

வேண்டுமென்றே தோற்றார்களா என்றால், மேலே இருந்தவர்கள் வேண்டுமென்றே அணியைப் பிரித்துப் போட்டார்கள். களத்தில் இறங்கியவர்களில் ஒருத்தரும் வேண்டுமென்று தோற்கவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பினால் அந்த வருடம் புரியாது.

2016 தொடக்கத்தில் முதலாளி ஜிம்மி ஹாஸ்லம் அணியைத் தூக்கி சாஷி பிரௌன் கையில் கொடுத்தார். அவர் அதுவரை அணியின் வக்கீல். கூடவே பேஸ்பாலிலிருந்து பால் டிபொடெஸ்டா வந்தார், எண்களை வைத்து ஆள் எடுப்பதில் பேர் போனவர். திட்டம் சுலபமானது: விலை அதிகமான பழைய ஆட்களை விட்டுவிடு, கையில் இருக்கும் நல்ல டிராஃப்ட் இடத்தை விற்று எதிர்காலத்துக்கான இடங்களாகச் சேர்த்துக்கொள். 2016-ல் இரண்டாவது இடம் கையில் இருந்தது, அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) எடுத்தார்கள். 2017-ல் பன்னிரண்டாவது இடம் ஹூஸ்டனுக்குப் போனது, அவர்கள் டிஷான் வாட்சனை எடுத்தார்கள். ஹூஸ்டனோடு இன்னொரு வினோத வியாபாரமும் நடந்தது. பிராக் ஆஸ்வைலர் என்ற குவார்ட்டர்பேக்கின் 1.6 கோடி டாலர் சம்பளச் சுமையை நாம் ஏற்றுக்கொண்டோம், கூலியாக ஒரு இரண்டாம் சுற்று இடம் கிடைத்தது. அந்த மனிதர் நமக்காக சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு குவார்ட்டர்பேக்காக நின்றது டிஷோன் கைசர். பக்கத்து டொலிடோ ஊர்ப் பையன், வயது 21. அந்த வருடம் அவன் வீசிப் போட்ட டச் டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்ப்பது) 11. எதிரணிக்காரன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது 22, லீகிலேயே அதிகம். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் இறக்கிவிட்டு, மேலே நின்று கைதட்டிய கதை அது.

என் பக்கத்து வீட்டுக்காரர் போலந்து வம்சம், இரும்பு ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சீசன் டிக்கெட் இரண்டு. மகன் டெக்சஸுக்குப் போய்விட்டான், அதனால் அந்த வருடம் இரண்டாவது இருக்கை எனக்கு வந்தது. மொத்தம் ஏழு ஆட்டம். எட்டு என்பதுதான் கணக்கு, ஆனால் எட்டாவது வீட்டு ஆட்டத்தை லண்டனில் ட்விக்கன்ஹாமில் கொண்டுபோய் வைத்தார்கள். மினசோட்டாவிடம் 33-16. தோற்பதற்குக் கடல் தாண்டிப் போனார்களே என்று என் மனைவி கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸோடு. பந்து முதல் முறை நம் கைக்கு வந்தது, முன்னேற முடியாமல் உதைத்து அனுப்பப் போனார்கள். அந்த உதையை அவர்கள் ஆள் கை வைத்துத் தடுத்தான். உருண்ட பந்தின் மேல் நம் எல்லைக்குள்ளேயே இன்னொருத்தன் விழுந்தான், டச் டவுன். சீசன் தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது. பெரியவர் தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றினார். கடைசியில் 21-18. மூன்றே புள்ளி வித்தியாசம்தானே, பரவாயில்லையே என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பார்வையின் அர்த்தம் போகப் போகத் தெரிந்தது. 16 தோல்வியில் ஆறு, ஆறு புள்ளிக்குள் போனவை. டெட்ராய்ட்டில் முதல் பாதி முடியச் சில நொடி இருக்கிறது, கோட்டுக்கு இரண்டு கெஜம், டைம் அவுட் கைவசம் இல்லை. பந்தை வீசினால், பிடிபடாவிட்டாலும் கடிகாரம் நின்றுவிடும், அப்புறம் உதைத்து மூன்று புள்ளியாவது எடுக்கலாம். பையன் பந்தை வைத்துக்கொண்டு தலையால் முட்டினான். நடுவில் ஆள்கள் குவிந்து கிடக்க, கடிகாரம் ஓடி முடிந்தது. பூஜ்யம்.

அக்டோபர் 22, டென்னசி ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரு டச் டவுன் இல்லை, வெறும் உதைகளிலேயே ஓவர்டைம் போய் 12-9. ஆனால் அன்றைக்கு ஊர் அழுதது அதற்காக இல்லை. ஜோ தாமஸ் என்று ஒருவர். குவார்ட்டர்பேக்குக்கு இடப்பக்கக் காவல். 2007-ல் வந்ததிலிருந்து அணி பந்தைக் கையில் எடுத்த ஒரு தடவைகூட அவர் வெளியே உட்கார்ந்ததில்லை. தொடர்ச்சியாக 10,363 தடவை. அன்று மூன்றாம் கால்பகுதியில் இடக்கைத் தசை கிழிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வெளியே வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் பிளே ஆஃப் என்பதை அவர் ஒரு நாளும் ஆடியதில்லை, ஏனென்றால் ஆடியது நமக்காக. 2023-ல் இந்த ஆட்டத்தின் பெருந்தலைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

டிசம்பர் 10, கிரீன் பே. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஏரன் ராஜர்ஸ் காயத்தில் வெளியே இருக்கிறார். நான்காம் கால்பகுதியில் நாம் 21-7 முன்னிலை. முன்வரிசையில் ஒருத்தன் அழுதுகொண்டே மனைவிக்குப் போன் போட்டான். நானும் வீட்டுக்குச் செய்தி அனுப்ப செல்போனை எடுத்தேன், பெரியவர் என் கையை மெதுவாகக் கீழே தள்ளினார். கடைசி நொடிகளில் சமன் ஆயிற்று. ஓவர்டைமில் நம் பையன் துரத்தப்பட்டு, விழுகிற அவசரத்தில் பந்தை வானத்தைப் பார்த்து எறிந்தான், அதை அவர்கள் பிடித்தார்கள். 27-21. வண்டி நிறுத்திய இடத்துக்கு ஏரிக் காற்றில் இருபது நிமிடம் நடந்தோம், ஒரு பேச்சு இல்லை.

கடைசி ஆட்டம் டிசம்பர் 31, பிட்ஸ்பர்க்கில். 28-24 பின்தங்கி இருக்கிறோம், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, நான்காவது, அதாவது கடைசி முயற்சி. கைசர் இரண்டு பேரிடமிருந்து நழுவி, ஓடிக்கொண்டே வீசினான். அந்த வருடத்தில் அவன் வீசிய மிக நல்ல பந்து அதுதான் என்பேன். கோரி கோல்மனின் இரண்டு கைக்குள் விழுந்தது. கைக்குள் விழுந்து வெளியே போனது.

யார் இந்தக் கோல்மன்? வென்ட்ஸ் வேண்டாம் என்று இரண்டாவது இடத்தை விட்டு எட்டுக்கு இறங்கி, அங்கிருந்தும் பதினைந்துக்கு இறங்கி, 2016-ல் இவர்கள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஆள். ஐந்து வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியா, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஜெயித்தது. வென்ட்ஸ் காயம் பட்டு அந்த ஆட்டத்தில் ஆடவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நாங்கள் ஏன் போனோம் என்பதைத் தனியாக எழுதுகிறேன். அடுப்பில் சாம்பார்.


மூவாறு எழுதியது:

பிட்ஸ்பர்க்கிலிருந்து அன்பு வணக்கம். அந்தக் கடைசி ஆட்டத்தில் எங்கள் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கரும் நட்சத்திர ஆட்டக்காரர் லெவியான் பெல்லும் ஓய்வில் இருந்தார்கள் என்பதை ஐயா சொல்ல மறந்துவிட்டார். மாற்று ஆள் லாண்ட்ரி ஜோன்ஸை வைத்துத்தான் ஜெயித்தோம்.

கிளீவ்லாந்து பக்கத்துப் பார்மாவில் உங்களுக்கென்று கோயில் வருவதற்கு முன்னால் நீங்கள் எல்லோரும் எங்கள் ஊர் வேங்கடாசலபதியைத்தானே தேடி வந்தீர்கள்? இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று தெரியாது. அவர் உள்ளூர்க்காரர் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏரிக்காற்று அவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் திட்டத்தின் மேல் பழி போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஆஸ்வைலர் வியாபாரத்தில் வந்த இரண்டாம் சுற்று இடத்தில் வந்தவர்தான் நிக் சப். வாட்சனை விட்டுக்கொடுத்து வாங்கிய 2018 முதல் சுற்று இடத்தில் வந்தவர் டென்சல் வார்ட். 2016-ல் 1-15 (ஒரு வெற்றி, 15 தோல்வி) என்று தோற்றதால் கிடைத்தவர் மைல்ஸ் காரெட். 2021 ஜனவரியில் பிளே ஆஃபில் ஸ்டீலர்ஸை அவர்கள் ஊரிலேயே 48-37 என்று அடித்தது சப்பையும் காரெட்டையும் வைத்துத்தான். (மூவாறு இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அன்றைக்கு எங்கள் தலைமைக் கோச்சும் கோவிட் வந்து வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தார்.)

0-16-க்குக் காரணம் பந்தை இழந்தது. 2017-ல் நாம் எதிரணிக்கு 41 முறை பந்தைக் கொடுத்தோம், அவர்களிடமிருந்து பிடுங்கியது 13 முறை. மைனஸ் 28. இப்படி இருந்தால் எந்த அணியும் ஜெயிக்காது. இரண்டு வருடத்தில் 1-31 என்று நின்ற ஹியூ ஜாக்சனை மூன்றாவது வருடமும் கோச்சாக வைத்திருந்தார்களே, கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.


ஏரிக்காற்று எழுதியது:

கணக்குப்பிள்ளை, கோச் விஷயத்தில் மறுப்பேயில்லை. கடைசியில் 2018 அக்டோபரில் அவரை அனுப்பும்போது கணக்கு 3-36-1. அந்த ஒன்று சமன். அது ஒரு சாதனை மாதிரி எங்களுக்கு.

ஆனால் வார்டையும் சப்பையும் தேர்ந்தெடுத்தது சாஷி பிரௌன் இல்லை. கிரீன் பே ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜான் டார்ஸி வந்து எடுத்தார். விதைநெல் சேர்த்தவர் ஒருத்தர், அறுத்தவர் இன்னொருத்தர். விதைநெல் சேர்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் வீட்டில் உலையே வைக்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். நடுவில் ஒரு குவார்ட்டர்பேக் போதும், அந்த ஆறு ஆட்டத்தில் இரண்டு மூன்றாவது ஜெயித்திருப்போம். ஜோ தாமஸின் கடைசி வருடம் அது. உங்கள் கணக்கில் அவருக்கு எந்த வரி?

மூவாறுக்கு: பெருமாளை இதில் இழுக்க வேண்டாம். வேண்டிக்கொண்டது பிள்ளைகள் படிப்புக்காக. அது நிறைவேறியது.

தம்பி புதுப்பானைக்குச் சொல்ல வந்தது இது. 1964-க்குப் பிறகு இந்த அணி பட்டம் வாங்கியதே இல்லை. ஆனாலும் ஊர் முழுக்க பைத்தியமாகத்தான் இருந்தது. நான் வந்த இரண்டாம் வருடக் கடைசி, 1995 நவம்பர். முதலாளி ஆர்ட் மோடல் பால்டிமோரில் மேடை போட்டு, அணியை அங்கே கொண்டு போகிறேன் என்று அறிவித்தார். எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்த அணி இல்லை, ஆள் வராத அரங்கமும் இல்லை. எனக்கு அப்போது இந்த ஆட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் வேலை செய்த இடத்தில் ஐம்பது வயது ஆள்கள் மேசையில் தலை வைத்துக் கிடந்ததைப் பார்த்தேன். ஊரில் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 17, கடைசி வீட்டு ஆட்டம். சின்சினாட்டியை 26-10 என்று ஜெயித்தார்கள். ஜனங்கள் அரங்கத்து இருக்கைகளைப் பெயர்த்துக் களத்தில் எறிந்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் அதில் ஒருத்தர். அவர் பெயர்த்ததை எறியாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். ஒரு ஆள் உயர மரப் பலகை, இன்றைக்கும் அவர் கராஜ் சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது. பழைய அரங்கத்தை அப்புறம் இடித்தார்கள். இடித்த கான்கிரீட்டை ஈரி ஏரியில் கொட்டி மீன்கள் ஒண்டுவதற்குத் திட்டு ஆக்கினார்கள். பால்டிமோர் போன அணி, ரேவன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஐந்தாவது சீசனில் சூப்பர் பௌல் ஜெயித்தது.

ஊர் விடவில்லை, வழக்கு போட்டது. பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் இங்கேயே இருக்கும் என்று ஒப்பந்தமாகி, 1999-ல் புது அணி வந்தது. நடுவில் மூன்று இலையுதிர் காலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த ஊரில் ஆட்டம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்த மூன்று வருடமும் ஞாயிறு மதியங்களில் புல் வெட்டினார், வெட்ட ஒன்றும் இல்லாத நவம்பரில்கூட.

கிரீன் பே ஆட்டம் முடிந்து நடந்து போனோம் என்றேனே, வண்டியில் ஏறியதும் கேட்டுவிட்டேன், அடுத்த வருடமும் டிக்கெட் எடுப்பீர்களா என்று. "ஆட்டம் இருந்தது இல்லையா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஹீட்டரைப் போட்டார்.


புதுப்பானை எழுதியது:

ரொம்ப நன்றி சார். இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கோப்பைக்காரர் ஏதோ ஊர்வலம், கோச் ஏரியில் குதித்தது என்றும் சொன்னார். கிண்டலா, நிஜமா?


ஏரிக்காற்று எழுதியது:

இரண்டும் நிஜம். 2016-லேயே 0-16 ஆனால் ஊர்வலம் என்று ரசிகர்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சான் டியேகோவை 20-17 ஜெயித்துத் தொலைக்க, அதை ரத்து செய்து பணத்தை உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் தப்பவில்லை. 2018 ஜனவரி 6, அரங்கத்தைச் சுற்றி வட்டமாக ஊர்வலம். ஏன் வட்டம் என்றால் அது பூஜ்யம். மூக்கு நுனி உணர்வில்லாமல் போகிற குளிர், ஆயிரக்கணக்கில் ஜனங்கள். பலர் உணவு டின் கொண்டுவந்து உணவு வங்கிக்குப் போட்டார்கள். ஆட்டக்காரர்கள் சிலருக்கு ஊர்வலத்தின் மேல் கோபம், அதிலும் நியாயம் உண்டு. பெரியவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நான் போனேன், நம் வீட்டிலிருந்து இரண்டு டின் கொண்டைக்கடலையோடு.

கோச், 1-15 மறுபடி நடந்தால் ஏரியில் குதிப்பேன் என்று வாய்விட்டிருந்தார். அதைவிட மோசமாகவே நடந்துவிட்டது. ஜூன் 1 அன்று பே வில்லேஜ் கடற்கரையில் (ஏரிக்கரைதான், இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இறங்கி முங்கி எழுந்தார். ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதாகவும் ஆயிற்று. பழைய அரங்கத்தின் கான்கிரீட் கிடக்கிற அதே ஏரி.

அடுத்த வெற்றி 2018 செப்டம்பர் 20, 635 நாள் கழித்து. பீர் கம்பெனி ஒன்று ஊர் மதுக்கடைகளில் பூட்டுப் போட்ட ஃப்ரிட்ஜ்களை வைத்திருந்தது, ஜெயித்தால்தான் திறக்கும். ஜெட்ஸிடம் 14-0 பின்தங்கி, புதுப் பையன் பேக்கர் மேஃபீல்ட் உள்ளே வந்து, 21-17. நான் வீட்டில் பார்த்தேன். முடிந்ததும் வெளியே போனால் பக்கத்து வீட்டு கராஜில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.


புதுப்பானை எழுதியது:

இன்று சாப்பாட்டு நேரத்தில் கோப்பைக்காரரிடம் உங்கள் பக்கத்து வீட்டுப் பலகை பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அது அரங்கத்தின் எந்தப் பக்கத்துப் பலகை என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அவர் அப்பாவிடமும் ஒன்று இருக்கிறதாம்.